பக்கத்துக்கு 30 மில்லிமீட்டர்

செராஸிலிருந்து பாலாக்கோங் போகும் பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில், 1972-ஆம் ஆண்டு டட்சன் 240 இசட் ஒன்று மூன்று மாதமாக ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. நண்பருடைய கார். கோலாலம்பூர் 1974-இல் கூட்டரசுப் பிரதேசம் ஆவதற்கு முன்பே பதிவானது என்பதால், நம்பர் பிளேட்டில் இன்னும் சிலாங்கூரின் ‘பி’ எழுத்துதான். பழைய சாயத்தைச் சுரண்டி, புட்டியை எல்லாம் உரித்து, வெறும் தகடு தெரியும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பின்சக்கரத்தின் வளைவுக்கு மேலே, மூன்று விரல் உயரத்தில், ஃபோர்மேன் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருக்கிறார். கோட்டுக்குக் கீழே இருப்பதைக் கிரைண்டரால் அறுத்து எடுத்தால் அங்கே ஓவர் ஃபெண்டர் உட்காரும். ஃபைபரில் செய்த நான்கு துண்டுகள் சுவரோரம் அட்டைப்பெட்டியில் காத்திருக்கின்றன. அவற்றுக்குள் அடங்கும்படி 9 அங்குல அகல ரிம்களும் வந்து இறங்கிவிட்டன.

“வெட்டிட்டா வெட்டினதுதான் அண்ணே. காடி உங்க கூட்டாளியோடது. நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லுங்க” என்றார் ஃபோர்மேன். நண்பரோ அந்தப் பொறுப்பை என்மேல் போட்டார். வெட்டலாமா, கூடாதா? ஒரு வார காலம் இந்தக் கேள்வியோடுதான் இருந்தேன். நான் சேர்ந்த முடிவையும், சேர்ந்த வழியையும் எழுதிவைக்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் இதே சாக்கட்டிக் கோட்டின் முன் நிற்பவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள்.

ஓவர் ஃபெண்டர் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். அதை அழகுப் பொருளாக மட்டும் பார்க்கிறவர்கள் இந்தக் கதையைப் பாதியில் ஆரம்பிக்கிறார்கள். அகலமான டயர் போட்டால் வளைவில் பிடிப்பு கூடும் என்பது பந்தயக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் சக்கரம் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டு ஓடப் பந்தய விதிகள் விடுவதில்லை. கடையில் விற்கும் காரில் எது இருக்கிறதோ அதைத்தான் பந்தயக் காரிலும் வைக்கலாம் என்ற வகுப்புகளும் இருந்தன. ஆகவே, பந்தயத்தில் அகல டயர் போட விரும்பிய நிறுவனம், அகலமான உடலைப் பொதுமக்களுக்கே விற்கவேண்டி வந்தது. டட்சன் என்ற பெயரில் கார் விற்ற நிசான் 1971-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேர்லேடி 240 இசட்ஜி அப்படிப் பிறந்த வண்டி. நீண்ட மூக்கு, நான்கு சக்கர வளைவுகளிலும் தனியாகப் பொருத்திய ஓவர் ஃபெண்டர்கள். சாதாரண 240 இசட்டின் அகலம் 1,630 மி.மீ.; இசட்ஜியின் அகலம் 1,690. வித்தியாசம் 60 மி.மீ., அதாவது பக்கத்துக்கு 30. இன்று உலகமெங்கும் இந்தக் காருக்கு விற்கும் ஓவர் ஃபெண்டர் செட்டுகள் அத்தனைக்கும் மூலம் அந்த 30 மில்லிமீட்டர்தான்.

ஷோரூமிலிருந்து வீட்டுக்குப் போன இசட்ஜி மெல்லிய டயரோடுதான் போனது. அகலமான கூரைக்கடியில் ஒல்லியான சக்கரம். பழைய படங்களைப் பார்த்தால் சக்கரங்கள் உள்ளே ஒதுங்கி நிற்பது தெரியும். அந்த ஃபெண்டர் பந்தயத்துக்கான அனுமதிச் சீட்டு. தெருவில் ஓட்டுகிறவருக்கு அதனால் ஆன வேலை ஏதும் இல்லை. 1972-இல் டொயோட்டா கொரோலா லெவின் டிஇ27 ஓவர் ஃபெண்டரோடு வந்தபோதும், 1973-இல் பிஎம்டபிள்யூ 2002 டர்போ ரிவெட் தெரிய நின்றபோதும், பின்னணியில் பந்தயக் களத்தின் மணம் இருந்தது. நம் ஊரில் பழைய கேஇ25 கொரோலாவை டிஇ27 தோற்றத்துக்குக் கொண்டுவர ஆசைப்படும் பிள்ளைகளுக்கு அந்த மணம் எட்டியிருக்கிறது. அதில் தவறேதும் காணேன். ஷா ஆலாமின் பத்து தீகா களத்தில் சோனி ராஜா போன்றவர்கள் ஓட்டிய காலத்தைச் சொல்லக் கேட்டே வளர்ந்த தலைமுறை நாங்கள். களம் போய்விட்டது, அதன்மேல் இருந்த ஆசை போகவில்லை.

அழகைப் பற்றி நண்பர் சொல்வதை முழுதாகக் கேட்டாக வேண்டும். 240 இசட்டின் உருவம் யோஷிஹிகோ மட்சுவோ தலைமையிலான குழு வரைந்தது. நீண்ட பானட், பின்னால் தள்ளி உட்கார்ந்த கேபின், பின்சக்கரத்தின் மேல் லேசாகப் புடைத்துப் பிறகு வால் நோக்கி இறங்கும் தோள். நண்பரின் வாதம் இதுதான்: தொழிற்சாலைச் சக்கரங்கள் 14 அங்குலம், அதுவும் ஒல்லி, அந்தத் தோளுக்குக் கீழே அவை உள்ளடங்கிக் கிடப்பதால் வண்டி ஒரு காலைத் தூக்கி நிற்பதுபோலத் தெரிகிறது, ஓவர் ஃபெண்டர் வந்தால் நான்கு கால்களையும் ஊன்றி நிற்கும். உண்மை. பின்னாலிருந்து பார்த்தால் மூலக் காரின் நிற்பு பலவீனமானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நிசானே தன் கோட்டைத் தானே அறுத்த உதாரணமும் உண்டு. ஸ்கைலைன் ஜிடி-ஆரில், பக்கவாட்டில் அலைபோல ஓடிய மடிப்பைப் பின்சக்கர வளைவுக்காக வெட்டினார்கள். 1970-இல் வந்த இரண்டு கதவு ஜிடி-ஆரில் அந்த வெட்டின்மேல் ஓவர் ஃபெண்டர் ஏறியது. இன்று அந்தக் காரை வெட்டு இல்லாமல் கற்பனை செய்யவே யாரும் விரும்புவதில்லை.

ஆனால் அழகின் கணக்கில் அளவு ஒரு பெரிய விஷயம். இசட்ஜியின் 30 மி.மீ. ஃபெண்டர் மெல்லிய புருவம்போல வளைவைத் தொட்டு ஓடுகிறது. மேலே இருக்கும் தோள் அப்படியே தெரிகிறது. அட்டைப்பெட்டியில் இருக்கும் செட் பக்கத்துக்கு 55 மி.மீ. அதைத் தகட்டின்மேல் பிடித்துப் பார்த்தேன். தோள் காணாமல் போகிறது. கதவுக்குப் பின்னால் தொடங்கி வால்வரை இறங்கும் கோட்டைக் கண் தேடிப் போனால், நடுவில் ஒரு கட்டி எழுந்து நிற்கிறது. முன்னிருந்து பார்த்தால் கம்பீரம். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இழப்பு. பக்கவாட்டுக் கோடுதான் இந்தக் காரின் உயிர் என்று நினைக்கிறவன் நான். அழகைப் பொறுத்தவரை, 30 மி.மீ. ஃபெண்டருக்கு என் வாக்கு உண்டு. 55-க்கு இல்லை.

ஓட்டத்துக்கு என்ன பயன் என்பதை எண்களால் பார்க்கலாம். இந்தக் காரின் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 1,355 மி.மீ. அதைப் பக்கத்துக்கு 30 மி.மீ. தள்ளினால் 1,415 ஆகும். வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் பாரம் அதே விகிதத்தில் குறையும், அதாவது நூற்றுக்குச் சுமார் நான்கு. களத்தில் ஒரு சுற்றுக்கு அரை நொடியைத் தேடி அலைபவருக்கு அது பெரிய பரிசு. பத்து ஒன்பதிலிருந்து உலு லங்காட் போகும் சாலையில் ஞாயிறு காலை ஓட்டுகிறவருக்கு அது கைக்குத் தெரியாது. கைக்குத் தெரிவது வேறொன்று. சக்கரத்தை வெளியே தள்ளினால் ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் மையத்துக்கும் இடையே உள்ள தூரம் கூடிவிடும். பவர் ஸ்டீயரிங் இல்லாத இந்தக் காரில் அதனால் பிடி கனக்கும். சாலையில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் ஸ்டீயரிங்கை இழுக்கும். பேரிங்கின்மேல் நெம்புகோல்போலக் கூடுதல் பாரம் ஏறும். சுமார் ஒரு டன் எடையும் 150 குதிரைத்திறனும் உள்ள இந்தக் காருக்கு, 15 அங்குல ரிம்மில் 7 அங்குல அகலமும் 205 டயரும் போதும். அளவாகத் தேர்ந்தெடுத்தால் அவை தகட்டை வெட்டாமலே உள்ளே உட்காரும்.

மழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. பிற்பகல் நான்கு மணிக்கு இடி இடித்தால், செராஸ்-காஜாங் நெடுஞ்சாலையில் ஐந்து நிமிடத்தில் தண்ணீர் படலமாக நிற்கும். எடை குறைந்த காருக்கு அகலமான டயர் போட்டால் அது தண்ணீரைக் கிழித்துப் போவதற்குப் பதிலாக அதன்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் குறைந்துவிடும். 1971-இல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை வென்ற 240 இசட்டை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். எட்கர் ஹெர்மனும் ஹான்ஸ் ஷூலரும் ஓட்டிய அந்தச் சிவப்புக் கார் ஓவர் ஃபெண்டர் இல்லாத ஒல்லி உடலோடுதான் சேற்றிலும் புழுதியிலும் முதலில் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே மாடலில் அதே ராலியை வென்ற ஷேகர் மேத்தா, இந்திய வம்சாவளியினர். இந்தக் காரின் பெருமையில் பெரும்பங்கு அகலத்தால் வந்ததல்ல என்பதற்கு அந்த ஒல்லி உடலைவிட வேறு சாட்சி வேண்டாம்.

தகட்டுக்கு வருவோம். தீர்ப்பின் பாரம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. 240 இசட்டில் முன்ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது. கழற்றி வைத்துவிட்டு வேறொன்றைப் போடலாம். அதை வெட்டினாலும் ஒரு பொருளைத்தான் வெட்டுகிறோம். பின்ஃபெண்டர் அப்படி அல்ல. அது காரின் உடலோடு பற்றவைத்த தகடு. வெளியே ஒரு தகடு, உள்ளே சக்கரத்தை மூடும் கிண்ணம்போல இன்னொரு தகடு. இரண்டும் வளைவின் விளிம்பில் மடிந்து சேர்ந்து, வரிசையான ஸ்பாட் வெல்டில் ஒன்றாகின்றன. சாக்கட்டிக் கோட்டுக்குக் கீழே இருப்பது அந்த விளிம்புதான். அதை அறுத்தால் இரண்டு தகடுகளும் தனித்தனியாகப் பிரிந்து, நடுவில் ஒரு பிளவு வாய் திறக்கும். ஒழுங்கான பட்டறை உள்தகட்டைக் கீற்றுக் கீற்றாக அறுத்து, வெளியே வளைத்து, இடைவெளி விடாமல் மறுபடி பற்றவைக்கும். நாள்கணக்கில் ஆகும் வேலை. அவசரப் பட்டறை பிளவுக்குள் சீலண்டைப் பிதுக்கி, மேலே ஃபைபரை வைத்து ரிவெட் அடித்து அனுப்பிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மூன்று மழைக்காலம் போனபின்தான் வித்தியாசம் தெரியும்.

ரிவெட் அடிக்க ஒரு வளைவுக்குப் பத்துப் பன்னிரண்டு துளைகள் வேண்டும். ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் சாயம் உடைந்து பச்சை இரும்பு தெரியும். ஃபைபருக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் டயர் வாரியடிக்கும் தண்ணீரும் மண்ணும் போய் உட்காரும். காற்றே ஈரமாக இருக்கும் நம் ஊரில் அந்தச் சந்து முழுதாக உலர்வதே இல்லை. வெயிலில் ஃபைபர் ஓர் அளவுக்கு விரியும், இரும்பு வேறோர் அளவுக்கு விரியும். சீலண்ட் நூல் நூலாக விட்டுப்போகும். துரு வெளியே வந்து முகம் காட்டும்போது உள்கிண்ணம் ஏற்கெனவே சல்லடை ஆகியிருக்கும். ஓவர் ஃபெண்டரைக் கழற்றிய பழைய கார்களைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். விளிம்பு இருந்த இடத்தில் விரலால் அழுத்தினால் செதில் செதிலாகக் கையோடு வந்தது. சாயமடித்து நிற்கிற காரைக் கண்டு மயங்குகிறவர்கள் இந்தக் காட்சியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சக்கரம் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஃபெண்டர் மூடியிருந்தால் அந்தக் குற்றம் தீர்கிறது. ஆனால் உடலின் அமைப்பை மாற்றுவது சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே கேள்வி கேட்கக்கூடிய காரியம். விற்கும் நாளில் உரிமை மாற்றத்துக்கான பி5 பரிசோதனை இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் தலைவலி. வெட்டுவதற்கு முன்பே விசாரித்து எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் வழி.

வெட்டுவதை ஆதரிப்பவர்களின் மிக வலுவான சாட்சி அகிரா நகாய். ஜப்பானின் சிபாவில் ராவ்-வெல்ட் பெக்ரிஃப் என்ற பட்டறை நடத்தும் அவர், காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911-களின் ஃபெண்டர்களைக் கண்ணளவிலேயே வெட்டி அகல உடல் பொருத்துகிறவர். உலகம் முழுதும் பறந்துபோய், உரிமையாளர் பார்த்து நிற்க, தன் கையாலேயே செய்கிறார். ஒவ்வொரு காருக்கும் ஒரு பெயர் வைக்கிறார். அதைக் கைவினை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. போர்ஷேவும் 1973-இன் கரேரா ஆர்எஸ் 2.7-இல் பின்னால் அகலமான ரிம் போடுவதற்காகவே பின்வளைவை அகலப்படுத்தியது. நகாயின் வேலை அந்த மரபின் நீட்சி என்று வாதிடலாம். கார் ஒன்றும் அருங்காட்சியகச் சிலை அல்ல, உரிமையாளரின் கை படப் பட வாழ்கிற பொருள் என்பதும் நியாயமான வாதம்தான்.

இந்த வாதத்தை இரண்டு இடங்களில் மறுக்கிறேன். ஒன்று, போர்ஷே செய்தது இரும்பை இழுத்து அகலப்படுத்திய வேலை. மூடிய உடல் மூடியதாகவே இருந்தது. பெட்டியில் வரும் செட் செய்வது அறுத்து மூடும் வேலை. இரண்டையும் ஒரே மரபில் சேர்க்க முடியாது. இரண்டு, எண்ணிக்கை. இந்த வரிசை இசட் கார்கள் உலகில் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றன. அமெரிக்காவில் ஒன்றை வெட்டினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கலாம். கோலாலம்பூரில் வலப்பக்க ஸ்டீயரிங்கோடு, பழைய ‘பி’ பிளேட்டோடு, விளிம்பு கெடாமல் நிற்கும் 240 இசட்டை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். 2020 ஜனவரியில், அதிகம் ஓடாத, மூலநிலை மாறாத 1971 மாடல் ஒன்று அமெரிக்காவில் இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. விலைக்காக இதைச் சொல்லவில்லை. வெட்டாத கார் எவ்வளவு அரிதாகிவிட்டது என்பதை ஏலக்காரர்களும் உணர்ந்துவிட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் தீர்ப்பு இது. விளிம்பு உயிரோடு இருக்கும் காரின் பின்ஃபெண்டரை வெட்டக் கூடாது. தெருவில் ஓடும் காருக்கு அதனால் கிடைக்கும் பயன், நம் மழையில் அது வாங்கும் விலைக்கு ஈடாகாது. முன்ஃபெண்டரில் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். வேறொரு ஜோடி வாங்கி அதில் செய்துகொண்டு, மூலத்தைச் சுவரில் தொங்கவிடலாம். ஆனால் முன்னால் அகலம், பின்னால் ஒல்லி என்று நின்றால் கார் நொண்டும். ஆகையால் அதையும் நான் பரிந்துரைக்கவில்லை. வெட்டாமல், துளையும் போடாமல், 30 மி.மீ. ஃபெண்டரைப் பசையால் ஒட்டலாமே என்று ஒருவர் கேட்கலாம். ஒரு மூலை விட்டால் தண்ணீர் உள்ளே போவது கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுக்கொருமுறை பிரித்துப் பார்க்கத் தயாராக இருப்பவருக்கு மட்டும் அது சரி.

இரண்டு கார்களுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. செப்பாங் பந்தயக் களத்தில் ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கும் கார் ஒன்று. அங்கே அகல டயருக்கு உண்மையான வேலை இருக்கிறது, ஃபெண்டரும் தான் பிறந்த காரணத்துக்குத் திரும்புகிறது. துரு ஏற்கெனவே விளிம்பைத் தின்றுவிட்ட கார் மற்றொன்று. எப்படியும் அறுத்துப் புதுத் தகடு வைக்கத்தான் வேண்டும். வைக்கும்போது இரும்பிலேயே 30 மி.மீ. இழுத்து, உள்தகட்டோடு முழுதாகப் பற்றவைத்து, எபாக்சி பிரைமர் அடித்து, உட்குழிக்குள் மெழுகு பீய்ச்சி முடித்தால், நானும் கைதட்டுவேன். புட்டியை மலைபோல் அப்பிய வேலைக்கு அந்தக் கைதட்டல் கிடையாது.

நண்பரின் கார் இந்த இரண்டிலும் சேராது. புட்டியை உரித்தபோது பின்விளிம்பில் தொழிற்சாலையின் ஸ்பாட் வெல்டுகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி வரிசையாக நின்றன. ஐம்பது ஆண்டுக்கு மேல் மழையில் நின்ற காரில் அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வெறும் தகடாக இருக்கும் இப்போதே விளிம்பை உள்பக்கம் மெல்ல மடக்கி, சீலண்ட் அடித்து, 7 அங்குல ரிம்மைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். நண்பருக்கு முகம் வாடியது. 9 அங்குல ரிம்முக்குக் கொடுத்த பணம் ஒரு பக்கம்; பல வருடமாக மனத்தில் கட்டி வைத்திருந்த உருவம் மறுபக்கம். இரண்டாவதுதான் பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும். பேசாமல் காரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பிறகு ஃபோர்மேனிடம், “சரி, அந்தக் கோட்டை அழிச்சிருங்க” என்றார்.

ஃபோர்மேன் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இடப்பக்கக் கதவுக்குப் பின்னால், சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மூலையைத் தட்டிக் காட்டினார். இந்த மாடலில் துரு முதலில் குடியேறும் இடம் அது. சத்தம் மந்தமாக வந்தது. கிரைண்டரை அங்கேதான் எடுத்துவைத்திருக்கிறார். உள்ளங்கை அகலத்துக்கு அறுத்தால் போதுமாம்.